பயிற்றுமொழி மாற்றமும் பல்கலைக்கழகக் கற்றல் அடைவும்: மும்பைத் தமிழ் மாணவரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

வேற்றுமொழிச் சூழலிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு வரும் மாணவரின் கற்றல் அடைவு, கடந்த அரை நூற்றாண்டாகக் கல்வியியலாரும் மொழியியலாரும் கூர்ந்து நோக்கிவரும் பொருள்களுள் ஒன்று. ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா, நெதர்லாந்து முதலிய நாடுகளில் பயிலும் ஆசிய மாணவரைப் பற்றிய ஆய்வுகள் இத்துறையில் மிகுதி. அவ்வாய்வுகள் கண்ட இடர்ப்பாடுகள் நாடுவிட்டு நாடு செல்வோர்க்கு மட்டும் உரியவை அல்ல. ஒரே நகரத்தின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குச் செல்லும் மாணவரிடத்தும் அவற்றைக் காணலாம்.

மும்பைத் தாராவியில் தமிழ்வழிப் பயின்ற மாணவர் ஒருவர், மத்திய இரயில்வேயின் இருப்புப்பாதையைக் கடந்து மாட்டுங்காவில் உள்ள கல்லூரி ஒன்றில் சேர்கிறார் எனக் கொள்ளலாம். அவர் நடக்கும் தொலைவு சிறிது. கடக்கும் மொழித்தொலைவு பெரிது. காத்மாண்டுவிலிருந்தோ டாக்காவிலிருந்தோ ஆங்கிலவழி வகுப்பிற்கு வருபவர் கடக்கும் தொலைவினும் அது குறைந்தது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் இருவருக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. அயல்நாட்டு மாணவரை வேற்றுமொழிச் சூழலிலிருந்து வந்தவர் என்று நிறுவனம் அறியும். தாராவி மாணவரை அவ்வாறு அறிவதில்லை. அதனால் மொழியால் விளையும் குறை, அறிவால் விளைந்த குறையாகக் கணிக்கப்படுகிறது. இக்கணிப்பு எவ்வாறு நேர்கிறது, அதனைத் தவிர்க்கும் வழிகள் யாவை என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கற்றல் அடைவு: சொல்லும் பொருளும்

ஒரு பாடத்தைப் பயின்று முடித்தபின் மாணவர் எதனை அறிந்திருப்பார், எதனைச் செய்ய வல்லவராவார் என்பதன் தெளிவான கூற்றே கற்றல் அடைவு எனப்படும். ஆசிரியர் எதனைக் கற்பித்தார் என்பதினும் மாணவர் எதனைப் பெற்றார் என்பதற்கே இங்கு முதன்மை. 1956இல் பெஞ்சமின் புளூமும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட கல்வி நோக்கங்களின் வகைப்பாடு இச்சிந்தனைக்கு அடித்தளம் இட்டது. அறிதல், உணர்தல், பயன்படுத்தல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல் எனப் படிநிலைகளாக அது விரிகிறது. 2014இல் இந்தியா வாஷிங்டன் உடன்பாட்டின் நிலையான உறுப்பினராகியபின் பொறியியற் கல்லூரிகளில் இம்முறை வலுப்பெற்றது. பின்னர்ப் பிற பட்டவகுப்புகளுக்கும் பரவியது.

இங்கு ஓர் அடிப்படை வினா எழுகிறது. அடைவை அளக்கும் கருவி தேர்வு; தேர்வின் ஊடகம் மொழி. எனவே மதிப்பெண்ணில் பாட அறிவு, மொழித்திறன் என்னும் இரண்டும் கலந்தே வருகின்றன. பாடத்தின் மொழியும் மாணவரின் மொழியும் ஒன்றாக இருக்கும்போது இக்கலப்பு பெரிதாகத் தோன்றுவதில்லை. இரண்டும் வேறாகும்போது மதிப்பெண் எதனைச் சுட்டுகிறது என்பது ஐயத்திற்குரியதாகிறது.

3. மும்பையின் மூன்று தமிழ்ச் சூழல்கள்

3.1 மாட்டுங்கா: மும்பைப் பல்கலைக்கழகம் 1857இல், கல்கத்தா, சென்னைப் பல்கலைக்கழகங்களோடு ஒரே ஆண்டில், இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்டது. அதன் உயர்கல்வி மொழி தொடக்கம் முதலே ஆங்கிலம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாட்டுங்காவில் குடியேறிய தென்னிந்தியருள் பலர் எழுத்தர், சுருக்கெழுத்தர், கணக்கர், இரயில்வே அலுவலர் போன்ற பணிகளுக்கு வந்தோர். ஆங்கிலப் படிப்பே அவர்களுக்கு அப்பணிகளைப் பெற்றுத் தந்தது. 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் மாட்டுங்காவில் தோன்றியது. அதன் கலை, அறிவியல், வணிகவியல் கல்லூரி 1960இல் சயானில் தொடங்கப்பெற்றது. ரூயா கல்லூரியும் கால்சா கல்லூரியும் 1937இலும், போதார் வணிகவியற் கல்லூரி 1941இலும் மாட்டுங்காவில் அமைந்தன. 1887இல் தோன்றிய விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிறுவனமும் 1923இல் இப்பகுதிக்கு வந்தது. அது 1997 முதல் வீரமாதா ஜீஜாபாய் பெயர் தாங்கியுள்ளது. மாட்டுங்காத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்குக் கல்லூரி என்பது அடுத்த தெரு. ஆங்கிலம் என்பது தந்தையின் மேசைமேல் இருந்த மொழி.

3.2 தாராவி: ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் மேற்கு, மத்திய இரயில்வேப் பாதைகளுக்கு இடைப்பட்டுக் கிடக்கும் தாராவிக்குத் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தமிழர் பெருந்தொகையினராக வந்தனர். தோல் பதனிடுதல் முதலான தொழில்கள் அவர்களை ஈர்த்தன. அவர்தம் பிள்ளைகளுள் ஒரு சாரார்க்கு மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளே கல்விவாயில். மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குசராத்தி, கன்னடம், தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் என எட்டு மொழிகளில் பள்ளி நடத்துவது இந்திய நகரங்களுள் தனிச் சிறப்பு எனலாம். ஆயினும் தொடக்கநிலை முடிந்தபின் தமிழ்வழியில் தொடரும் வாய்ப்பு மிகவும் சுருங்கிவிடுகிறது.

3.3 செம்பூர்: மாட்டுங்காவில் இடம் போதாத நடுத்தரக் குடும்பங்கள் பல செம்பூருக்குப் பெயர்ந்தன. அதற்கப்பால், 1976ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்டோர் குடியமர்த்தப்பட்ட சீத்தா கேம்ப் பகுதியிலும் தமிழர் மிகுதி. செம்பூரை அடுத்த தேவ்னாரில் இருவேறு உயர்கல்வி நிறுவனங்கள் உள்ளன. ஒன்று, 1936இல் தொடங்கி 1954இல் தேவ்னாருக்கு வந்த டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். மற்றொன்று, 1956இல் இந்திய அரசு, ஐக்கிய நாடுகள் அவை, சர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளை ஆகியவற்றின் கூட்டு முயற்சியால் தோன்றிய மக்கள்தொகைப் பயிற்சி ஆய்வு மையம். இன்று அது பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் எனப்படுகிறது. ஆசிய, பசிபிக் நாடுகளின் மாணவர்க்குப் பயிற்சி அளிக்கும் வட்டார மையமாகவே அது அமைக்கப்பெற்றது. ஆசிய அயலக மாணவர் என்னும் பிரிவினர் மேலை நாடுகளில் மட்டும் இருப்போர் அல்லர். செம்பூரின் அருகிலேயே நெடுங்காலமாக இருந்துவருவோர் என்பது இதனால் விளங்கும். 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பயின்ற அயல்நாட்டு மாணவர் நாற்பத்தாறாயிரத்திற்கு மேற்பட்டோர். அவர்களுள் நேபாள மாணவரே முதலிடம் பெற்றனர்.

இம்மூன்று சூழல்களையும் ஒருங்கு நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. மாட்டுங்கா மாணவருக்கும் தாராவி மாணவருக்கும் தாய்மொழி ஒன்றே. தமிழே ஆங்கிலவழி உயர்கல்விக்குத் தடை என்றால் இருவர்க்கும் அது தடையாதல் வேண்டும்; அவ்வாறு ஆகவில்லை. எனவே அடைவின் வேறுபாட்டிற்குத் தாய்மொழி காரணமன்று. கல்விமொழியான ஆங்கிலத்தோடு வீட்டிலும் பள்ளியிலும் முன்னரே ஏற்பட்ட பழக்கத்தின் அளவே காரணம் என்று கொள்வது பொருந்தும்.

4. மாணவரின் மொழிக்களம்

தாராவித் தமிழ் மாணவர் ஒருவர் நாள்தோறும் புழங்கும் மொழி வழக்குகள் ஐந்து. வீட்டில் திருநெல்வேலிப் பேச்சுத்தமிழ், தமிழ்வழிப் பள்ளியின் பாடநூலில் எழுத்துத்தமிழ், தெருவிலும் கடையிலும் மும்பைக்கே உரிய கலப்பு இந்தி, அரசு அலுவலகத்திலும் பள்ளிப் பாடமாகவும் மராத்தி, கல்லூரியில் ஆங்கிலம். இவற்றுள் முதல் நான்கிலும் அவருக்கு ஏதேனும் ஒரு தேர்ச்சி உண்டு. உயர்கல்வியில் மதிப்பெண் பெறுவதற்குப் பயன்படுவதோ ஐந்தாவது மட்டுமே.

இப்பன்மொழித் திறன் பெரும்பாலும் சுமையாகவே கருதப்படுகிறது. மொழியியல் நோக்கில் இது முதலாகும். குறிப்பாக இரட்டை வழக்கினை எண்ணிப் பார்த்தல் தகும். சார்லஸ் ஃபெர்கசன் 1959இல் விளக்கிய இக்கருத்து, உயர் வழக்கும் இயல் வழக்கும் தத்தம் களங்களில் தனித்து வழங்கும் நிலையைச் சுட்டுவது. தமிழ் இதற்குத் தக்க சான்று. தமிழ்வழிப் பயின்ற குழந்தை ‘வந்துக்கிட்டு இருக்கான்’ என்று பேசி, ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்று எழுதப் பழகியுள்ளது. பேச்சு வேறு, எழுத்து வேறு. எழுத்திற்கென ஒரு சொல்லமைதியும் தொடரமைதியும் உண்டு என்பதை ஒருமுறை கடந்து கற்றுள்ளது. கல்லூரி ஆங்கிலமும் அத்தகைய உயர் வழக்கே. பேச்சு ஆங்கிலத்தினின்று அது வேறானது என்று எடுத்துக்காட்டிக் கற்பித்தால், ஏற்கெனவே ஒரு பாலத்தைக் கடந்த மாணவர் மற்றொன்றையும் கடக்க இயலும். அவ்வாறு எடுத்துக்காட்டுவோர் அரியர்.

5. ஆண்டுக் கணக்கு

கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் இருவகை மொழித்திறன்களை வேறுபடுத்திக் காட்டினார். ஒன்று, அன்றாட உரையாடலுக்குரிய திறன். மற்றொன்று, பாடம் கற்பதற்கும் கருத்துகளை ஆராய்ந்து எழுதுவதற்கும் உரிய கல்விமொழித் திறன். டொராண்டோ நகரில் குடியேறிய குழந்தைகள் பற்றிய தரவுகளை ஆராய்ந்த அவர், முதல் திறன் ஏறத்தாழ இரண்டாண்டுகளில் கைவருகிறது என்றும், இரண்டாவது திறனில் உடன்பயிலும் ஆங்கிலத் தாய்மொழியாளரை எட்ட ஐந்து முதல் ஏழாண்டுகள் ஆகின்றன என்றும் கண்டார். டொராண்டோக் குழந்தைகளைச் சூழ்ந்திருந்தது ஆங்கிலம்; தாராவியின் தெருவில் அது இல்லை. ஆகலின் இக்கணக்கினை அப்படியே பெயர்த்துக் கொள்ளுதல் கூடாது. இங்கு ஆகும் காலம் இதனினும் நீளலாம் என்ற எச்சரிக்கையோடு இதனை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம்.

மும்பைத் தமிழ்வழி மாணவர் எட்டாம் வகுப்பிற்குப் பின் ஆங்கிலவழிக்கு மாறினால், பட்டவகுப்பில் நுழையும்போது அவ்வழியில் நான்காண்டுகள் கழிந்திருக்கும். பத்தாம் வகுப்பிற்குப் பின் மாறினால் இரண்டாண்டுகளே கழிந்திருக்கும். இரண்டாண்டு என்பது உரையாடல் திறன் கைவரும் காலம். அம்மாணவர் ஆங்கிலத்தில் வினவினால் விடை கூறுவார், நண்பரோடு பேசுவார். அதனைக் கண்ட ஆசிரியர், மொழி இவருக்கு இடரன்று என முடிவு செய்வார். பிறகு அவர் எழுதிய கட்டுரை சிதைந்து தோன்றும்போது, குறை பாட அறிவில் உள்ளது என்ற கருத்திற்கே வருவார். மூன்றாண்டு இளங்கலை முடியும்போதுதான் மொழிமாற்றத்தின் ஐந்தாம் ஆண்டு நிறைகிறது. அதாவது, கல்விமொழி கைவரத் தொடங்கும் காலத்தில் பட்டச் சான்றிதழில் மதிப்பெண்கள் முன்னரே பதிந்துவிடுகின்றன. மேற்படிப்புக்கும் வேலைக்கும் அம்மதிப்பெண்களே வாயிலாதலின், காலத்தின் இச்சிறு பிறழ்ச்சி ஒரு தலைமுறையின் வாழ்வைத் திசைதிருப்பவல்லது.

மகாராட்டிரத்தில் 2000ஆம் ஆண்டு முதல் எல்லாப் பயிற்றுமொழிப் பள்ளிகளிலும் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. இது பயனுடையதே. எனினும் ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்பதும், ஆங்கிலத்தின் வழியே பிற பாடங்களைக் கற்பதும் வேறு வேறு.

6. விடைத்தாளில் மொழி

இவ்வேறுபாட்டை இரண்டு சான்றுகளால் விளக்கலாம்.

முதலாவது, கலைச்சொல். தமிழ்வழி இயற்பியல் பயின்றவர்க்கு வேகம், திசைவேகம், முடுக்கம் என்னும் சொற்கள் அறிமுகமானவை. வேகத்தோடு திசையும் சேர்ந்ததே திசைவேகம் என்பதை அச்சொல்லே உணர்த்திவிடும். ஸ்பீட், வெலாசிட்டி என்னும் ஆங்கிலச் சொற்களில் அவ்வேறுபாடு வெளிப்படையாக இல்லை. அதனைத் தனியே நினைவிற்கொள்ளல் வேண்டும். கருத்தைத் தெளிவாக அறிந்த மாணவர், வெலாசிட்டி என்ற பெயரைக் கேட்டதும் மயங்குகிறார். மயக்கம் பெயரைப் பற்றியது. பொருளைப் பற்றியது அன்று. ஆசிரியர் ஒருமுறை இரு பெயர்களையும் அருகருகே எழுதிக் காட்டினால் நீங்கும் மயக்கம் இது. தாமே தமிழறியாத ஆசிரியர்க்கு அது இயலாதாகிறது.

இரண்டாவது, வினாவின் ஏவற்சொல். தமிழ்த் தேர்வில் விளக்குக, ஒப்பிடுக, நிறுவுக, திறனாய்க என வரும் ஏவல்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வகை விடையை வேண்டுவன. ஆங்கிலத் தாளில் எக்ஸ்பிளெயின், கம்பேர், ஜஸ்டிஃபை, கிரிட்டிக்கலி எக்ஸாமின் என வருவனவும் அவ்வாறே. இவற்றிடையே உள்ள வேறுபாட்டை அறியாத மாணவர், எந்த வினாவிற்கும் அப்பொருள் பற்றித் தாம் அறிந்த அனைத்தையும் எழுதிவிடுகிறார். இரு கொள்கைகளை ஒப்பிடச் சொன்னால் ஒன்றை இரு பக்கமும் மற்றொன்றை இரு பக்கமும் எழுதி முடிக்கிறார், ஒப்பீடு நிகழ்வதில்லை. புளூமின் வகைப்பாட்டில் பகுத்தல், மதிப்பிடல் என்னும் உயர் படிகளை எட்டாதவராக அவர் மதிப்பிடப்படுகிறார். உண்மையில் அவர் எட்டாதது ஏவற்சொல்லின் பொருளையே.

தொடரமைப்பும் இவ்விடத்துக் கருதத்தக்கது. தமிழ்த்தொடரில் வினைமுற்று இறுதியில் வரும். காரணம் முன்னும் முடிவு பின்னும் நிற்பது இயல்பு. ஆங்கிலக் கல்விக்கட்டுரையோ முதல் வரியிலேயே முடிவைக் கூறி, பின்னர்ச் சான்று காட்டுவதை விரும்புகிறது. தமிழ் மாணவர் காரணங்களை அடுக்கி இறுதியில் முடிவு கூறும்போது, கருத்தின்றிச் சுற்றி வளைக்கிறார் என்ற எண்ணம் திருத்துவோர்க்கு எழுதல் கூடும். இது சிந்தனைக் குறையன்று. வைப்பு முறையின் வேறுபாடு.

7. மனனம் பற்றிய தவறான கருத்து

ஆசிய மாணவர் மனப்பாடம் செய்வர். ஆராயமாட்டார் என்ற கருத்து மேலைப் பல்கலைக்கழகங்களில் நெடுநாள் நிலவியது. 1976இல் சுவீடன் நாட்டு ஃபெரன்ஸ் மார்ட்டனும் ரோஜர் சால்யோவும் ஆழ்ந்த கற்றல், மேலோட்டக் கற்றல் என்ற வேறுபாட்டை நிறுவினர். மனனம் இரண்டாவது வகையைச் சார்ந்தது என எளிதாக முடிவு கட்டப்பட்டது. ஆனால் ஹாங்காங் மாணவரை ஆராய்ந்த ஜான் பிக்ஸ், டேவிட் வாட்கின்ஸ் முதலியோர் ஒரு முரணைக் கண்டனர். மனனம் செய்வோர் எனக் கருதப்பட்ட அம்மாணவரே பன்னாட்டுத் தேர்வுகளில் சிறந்து விளங்கினர். இவ்விருவரும் பதிப்பித்து 1996இல் வெளிவந்த சீனக் கற்போர் பற்றிய நூல் இம்முரணை விடுவிக்க முயன்றது. பொருளுணராது ஒப்பித்தல் வேறு. பொருளை ஆழ உணரும் பொருட்டுத் திரும்பத் திரும்ப ஓதுதல் வேறு என்பதே அந்நூல் தந்த தெளிவு.

இத்தெளிவு தமிழ் மரபிற்குப் புதிதன்று. நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கன் பாடம் கேட்கும் முறையைக் கூறுமிடத்து, கேட்டதை மறவாது போற்றுதலையும் மீண்டும் கேட்டுத் தெளிதலையும் ஒருங்கே வைத்துள்ளது. மும்பைத் தமிழ் மாணவர் ஆங்கிலப் பத்திகளை மனப்பாடம் செய்தல் சோம்பலால் அன்று. தம் சொற்களால் எழுதினால் பிழை நேரும் என்ற அச்சமே அதற்குக் காரணம். பிழையற்ற பத்தியை நினைவிலிருந்து எடுத்தெழுதுதல் அவருக்குத் தற்காப்பு. அதனை வெறும் ஒப்பித்தல் என ஒதுக்காமல், மனனம் செய்த பத்தியை அவரே தம் மொழியில் விரித்துரைக்கச் செய்தால், மனனம் உணர்தலுக்குப் படியாகும்.

8. உடன்பயில்வோரும் அடைவும்

நெதர்லாந்தின் ஐந்து வணிகவியற் கல்வி நிறுவனங்களின் மாணவரை ஆராய்ந்து 2012இல் பார்ட் ரியன்டீஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இரண்டு செய்திகளை முன்வைத்தது. அயல்நாட்டு மாணவர் அனைவரும் ஒரு தன்மையர் அல்லர்; அவர்தம் பின்புலத்திற்கேற்ப நிறுவனத்தோடு ஒன்றும் அளவு வேறுபடுகிறது. மேலும், டச்சு மாணவரிடத்தும் மேலைநாட்டு மாணவரிடத்தும் அடைவைப் பெரிதும் முன்னுணர்த்துவது கல்வி ஒன்றிப்பு, அதாவது நிறுவனத்தின் கற்கும் முறையோடு மாணவர் இயைந்து போதல். எனவே, ‘ஆசிய மாணவர்’ என்றோ ‘தமிழ்வழி மாணவர்’ என்றோ ஒரே சொல்லால் தொகுத்து முடிவு கூறுதல் பிழையாகும்.

ஒன்றிப்பு எவ்வாறு வரும் என்ற வினாவிற்கும் நன்னூலில் ஒரு விடை உண்டு. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது புலமையின் காற்பங்கே. உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு கிடைக்கும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறையும் என்று பவணந்தியார் பகுத்துக் காட்டுகிறார். இக்கணக்கின்படி நோக்கினால், வகுப்பின் கடைசி வரிசையில் பேசாதிருந்து விரிவுரையை மட்டும் கேட்டுச் செல்லும் மாணவர் முக்காற்பங்கினை இழக்கிறார். மொழியச்சமே அவரைப் பேசவிடாது தடுப்பது. பேசாமையால் மொழியும் வளர்வதில்லை, பாடமும் நிறைவதில்லை.

9. ஆங்கிலவழிப் பள்ளியே தீர்வாகுமா?

இவ்விடர்ப்பாடுகளைக் கண்ட பெற்றோர் பலர் தம் பிள்ளைகளைத் தொடக்கம் முதலே ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்கின்றனர். அவர்தம் விருப்பம் குறை கூறத்தக்கதன்று. பிள்ளை தம்மினும் உயர வேண்டும் என்ற வேட்கையே அதன் வேர். ஆயினும் பயிற்றுமொழியின் பெயரை மாற்றுவதால் மட்டும் கல்விமொழித் திறன் வாய்ப்பதில்லை. ஆசிரியர் ஆங்கிலப் பாடத்தை இந்தியில் விளக்க, மாணவர் வினாவிடைகளை மனப்பாடம் செய்து எழுதும் வகுப்பறையில் பயின்றவர், உயர் வழக்கு ஆங்கிலத்தையும் பெறுவதில்லை. தமிழ்வழி மாணவர் பெற்ற எழுத்துத்தமிழையும் பெறுவதில்லை. முன்னவர்க்கு ஒரு மொழியிலேனும் பாடக்கருத்துகள் வேரூன்றியிருக்கும். பின்னவர்க்கு அதுவும் ஐயமே. குழந்தை தான் நன்கறிந்த மொழியில் தொடங்குவதே நன்று என 1953இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை வலியுறுத்தியதன் உட்பொருள் இதுவே.

இந்திய அரசமைப்பில் 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 350அ உறுப்பு, மொழிச் சிறுபான்மையினர் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்யுமாறு கூறுகிறது. அதன் எல்லை தொடக்கக் கல்வியோடு முடிகிறது. தாய்மொழியில் தொடங்கிய குழந்தை வேற்றுமொழிக்கு மாறும் இடத்தில் அதன் கைபிடித்து நடத்துவோர் யார் என்பதை எந்த விதியும் வரையறுக்கவில்லை. தாய்மொழிக் கல்விக்கும் ஆங்கிலக் கல்விக்கும் இடையே எது சிறந்தது என்று நடக்கும் வாதங்களில், இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அப்படிக்கட்டு கவனிக்கப்படாமலே போய்விடுகிறது.

10. செய்யத்தக்கன

மேற்கூறியவற்றிலிருந்து கல்லூரிகள் மேற்கொள்ளத்தக்க செயல்கள் சில பெறப்படுகின்றன.

அ. சேர்க்கையின்போது மாணவரின் பள்ளிப் பயிற்றுமொழியையும் மாற்றம் நேர்ந்த வகுப்பையும் பதிவு செய்து, பருவந்தோறும் அடைவோடு ஒப்பிட்டு நோக்குதல். இடர் உள்ள இடம் அப்போதுதான் விளங்கும்.

ஆ. முதற்பருவத்திலேயே அந்தந்தப் பாடத்தோடு இணைந்த மொழிப்பயிற்சி அளித்தல். பொதுவான இலக்கணப் பயிற்சியினும், பொருளியல் மாணவர்க்குப் பொருளியல் விடை எழுதும் பயிற்சியும், இயற்பியல் மாணவர்க்குச் செய்முறைக் குறிப்பு எழுதும் பயிற்சியும் மிகுபயன் தரும்.

இ. இருமொழிக் கலைச்சொற் பட்டியல்களைப் பயன்படுத்தல். இதற்குப் புதிதாக உழைக்க வேண்டியது மிகுதியில்லை. 1960களிலும் 1970களிலும் தமிழ்நாட்டில் கல்லூரிப் பாடங்களுக்கென வெளிவந்த தமிழ் நூல்களின் பின்னிணைப்புகள் இதற்குக் கைகொடுக்கும்.

ஈ. வினாவின் ஏவற்சொற்களை மாதிரி விடைகளோடு கற்பித்தல். ஒரே பொருள்பற்றி ‘விளக்குக’ என்பதற்கும் ‘ஒப்பிடுக’ என்பதற்கும் எழுதிய இரு விடைகளை அருகருகே காட்டினால் ஒரு வகுப்பு நேரமே போதும்.

உ. கலப்புக் குழுக்களை அமைத்து, கற்றதை ஒருவருக்கொருவர் எடுத்துரைக்கச் செய்தல். குழுவினுள் தமிழோ இந்தியோ மராத்தியோ பேசிக் கருத்தைத் தெளிந்து, பின்னர் ஆங்கிலத்தில் எழுதலாம். வகுப்பறையில் தாய்மொழியைத் தடுப்பதால் ஆங்கிலம் வளராது; சிந்தனையே தடைப்படும்.

ஊ. முதலாண்டு மதிப்பெண்ணினும் அடுத்தடுத்த ஆண்டுகளில் காணும் வளர்ச்சிக்கு மேற்படிப்புச் சேர்க்கையில் உரிய மதிப்பளித்தல். தாமதமாகத் தொடங்கியவர் கடந்த தொலைவும் அடைவின் ஒரு கூறே.

11. முடிவுரை

தேவ்னாருக்கு வரும் அயல்நாட்டு மாணவர்க்கும் மாட்டுங்காவிற்கு வரும் தாராவி மாணவர்க்கும் பொதுவான இடர் ஒன்றே: அறிந்ததைப் பிறிதொரு மொழியின் உயர் வழக்கில் நிறுவிக்காட்ட வேண்டிய நிலை. முன்னவரின் கடவுச்சீட்டு அவர் கடந்த தொலைவை அறிவிக்கிறது. பின்னவரிடம் அத்தகைய சான்று ஏதும் இல்லை. அவர் முகவரியில் உள்ளது அடுத்த அஞ்சல் வட்டத்தின் எண் மட்டுமே. ஆதலின் அவர்தம் மௌனம் அறியாமை என்றும், மனனம் சிந்தனையின்மை என்றும், சிதைந்த ஆங்கிலத்தொடர் திறனின்மை என்றும் பொருள்கொள்ளப்படுகின்றன.

கற்றல் அடைவை மையமாகக் கொண்ட கல்விமுறை, அடைவை அளப்பதற்குமுன் அளவுகோலைச் சோதித்தல் வேண்டும். மொழியையும் அறிவையும் ஒரே எண்ணாக்கிக் காட்டும் அளவுகோல் இரண்டையும் சரிவர அளப்பதில்லை. கல்விமொழி என்பது எவர்க்கும் தாய்மொழியன்று; அது கற்பித்தால் வருவது. கற்பிக்காமலே அதனை எதிர்பார்ப்பது, அதனை வீட்டிலேயே பெற்றவர்க்கு மட்டும் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்து வைப்பதாகும். இருப்புப்பாதையைக் கடந்து வருபவர்க்கும் அது திறக்க வேண்டுமாயின், அவர் கடந்து வந்த மொழித்தொலைவைக் கல்லூரி அறிந்துகொள்வதே முதற்படி.